கம்பெனியிலிருந்து வந்தபடியே

பழைய சின்னக் கார்களில் துரு முதலில் பிடிப்பது கதவின் அடிவிளிம்பில்தான். மழைத்தண்ணீர் வடிவதற்காக அங்கே ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். தூசி அதை அடைத்துவிடும். தண்ணீர் வருடக்கணக்கில் உள்ளேயே நிற்கும். துரு வெளியே தெரியும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது. நீங்கள் எப்போதாவது பழைய கார் வாங்கினால் முதலில் அங்கே விரலை விட்டுப் பாருங்கள், ஐயா.

நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் நீங்களே என் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னீர்கள். அதற்கு நன்றி. ஆனால் எழுதியது சரியில்லை. அளவுக்கருவி செய்யும் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் தர ஆய்வாளராக இருந்தவன் நான். தப்பான அறிக்கை ஒன்று கோப்பில் கிடக்கிறது என்று தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கார் என் மனைவியுடையது. இரண்டு கதவு, வெண்ணெய் நிறம். அவள் அதைச் சுண்டெலி என்பாள். அவளுக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்த வருடம், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே, அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய வலது கால் சூம்பிவிட்டது. ஊன்றி நடப்பாள். ஆனால் எதையும் அழுத்தவோ, சட்டென்று தூக்கி வைக்கவோ அந்தக் காலால் ஆகாது. அதனால் அவள் அப்பா ஒரு லேத் பட்டறைக்காரரிடம் சொல்லி, ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது பக்கம் ஒரு இரும்பு லீவர் வைக்கச் செய்தார். கையால் தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்ஸிலேட்டர். இடது காலுக்குக் கிளட்ச் மட்டும். முப்பத்து நான்கு வருடம் அவள் அப்படித்தான் ஓட்டினாள். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

எனக்கு ஓட்டத் தெரியாது. இரண்டு தடவை கற்றுக்கொள்ளப் போய் இரண்டு தடவையும் பாதியில் விட்டேன். எங்கே போனாலும் அவள் ஓட்டுவாள், நான் பக்கத்து சீட்டில் இருப்பேன். “இல்லாத பிரேக்கை மிதிச்சு மிதிச்சே இவருக்கு வருஷத்துக்கு ரெண்டு ஜோடி செருப்பு தேயுது” என்று எல்லாரிடமும் சொல்லுவாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தெருவில் என்னை டீச்சர் வீட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

இருவரும் ஓய்வு பெற்றோம். இனிமேல் அவள் வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். அவள் முன்பைவிட அதிகமாக வெளியே போனாள். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போவாள். மற்ற நாட்களில் தங்கை வீடு, நூலகம். சாயங்காலம் திரும்பி வந்ததும் எல்லாக் கதையும் சொல்லுவாள். நான் பேப்பர் படித்துக்கொண்டே கேட்பேன்.

ஒருநாள் காலையில் சாப்பிடும்போது சொன்னாள். “தங்கச்சி வீட்டு மாடி காலியா இருக்கு. அங்க போய் இருக்கலாம்னு பாக்கறேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“நாள் கணக்கெல்லாம் இல்லைங்க.” குரலில் கோபமே இல்லை. என் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்துவிட்டுத்தான் பேசினாள். “நீங்க நல்லவருதான். குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா இந்த வீட்ல நான் என்ன பேசினாலும் அது செவுத்துல பட்டு எனக்கே திரும்பி வருது. முப்பது வருஷமா கேட்டாச்சு. போதும்னு இருக்கு.”

யோசிக்கலாம் என்றேன். அடுத்த வாரம் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் பார்த்தேன். தரைத்தகடு நிஜமாகவே துருப்பிடித்திருந்தது. நான் பொய் சொல்லவில்லை. இந்த நிலையில் ஓட்டக்கூடாது, முழுசாகப் பிரித்து, கம்பெனியிலிருந்து வந்த அன்று இருந்தபடியே செய்து தருகிறேன், இது என் பரிசு, முடிந்ததும் அதிலேயே உன் தங்கை வீட்டுக்குப் போ என்று சொன்னேன்.

அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அவளுக்காக நான் ஒன்றைத் தொடங்கி அவள் பார்த்ததே இல்லை. “நிஜமாவா?” என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, “லீவரை மட்டும் தொட்டுடாதீங்க” என்றாள்.

“பாத்துக்கறேன்” என்றேன்.

பதினான்கு மாதம் ஆயிற்று. அவசரப்பட்டால் ஆறு மாதத்தில் முடித்திருக்கலாம். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிச் சுத்தம் செய்து, அதன் பெயரைச் சீட்டில் எழுதி டப்பாவில் வைத்தேன். ஜன்னல் ரப்பருக்காக நான்கு மாதம் காத்திருந்தேன். வேறு மாதிரி ரப்பர் உள்ளூர்க் கடையிலேயே கிடைத்தது. ஆனால் அது அந்த வருடத்து ரப்பர் அல்ல. அவள் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் போட்டு உட்கார்ந்திருப்பாள். முதல் மாதங்களில் பேசிக்கொண்டே இருந்தாள். “இந்தக் கதவுப் பிடி மாதிரி என்னை ஒருநாளாவது துடைச்சிருப்பீங்களா?” என்று கிண்டல் செய்வாள். ஆஸ்பத்திரிக்குச் சில தடவை டாக்ஸியில் போனாள். ஏறி இறங்க யாராவது கைகொடுக்கவேண்டி இருந்தது. அது பிடிக்காமல் போவதை நிறுத்திவிட்டாள். பிறகு பேச்சும் குறைந்தது. மூன்று வேளையும் நாங்கள் ஒன்றாகச் சாப்பிட்டோம். என் வாழ்க்கையில் மிக நல்ல மாதங்கள் அவை. அவள் இளைத்துக்கொண்டு வந்தாள் என்று இப்போது சொல்கிறார்கள்.

லீவர் விஷயத்துக்கு வருகிறேன். பழைய கார் சங்கம் ஒன்று இருக்கிறது. கம்பெனி கையேட்டில் இல்லாத எதுவும் வண்டியில் இருக்கக்கூடாது என்பது அவர்கள் விதி. நான் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. ஆனாலும் விதி சரியான விதி. லீவரைப் பொருத்தியிருந்த நான்கு துளைகளையும் அடைக்கச் சொன்னபோது டிங்கர் வேலைக்காரர் பற்றவைக்கும் கருவியைக் கீழே வைத்துவிட்டார்.

“சார், அப்புறம் டீச்சரம்மா எப்படி ஓட்டுவாங்க?”

“ஓட்டறதுக்கு இல்ல. பாக்கறதுக்கு” என்றேன்.

“அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே சார்.”

“கேட்டாச்சு.”

அவர் அடைத்தார். நல்ல வேலைக்காரர். பெயின்ட் அடித்த பிறகு அந்த இடத்தை விரலால் தடவினாலும் தெரியாது. அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். லீவரை நான் மூன்று துண்டாக அறுத்து இரும்புக்கடையில் போட்டேன். ஏன் அறுத்தேன் என்றால், முழுசாக இருந்தால் திரும்பப் பொருத்திவிடலாம்.

வண்டி முடிந்த அன்று அவள் நல்ல உடையாக உடுத்திக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்து உட்கார்ந்தாள். வலது கை தானாக நீண்டது. லீவர் இருந்த இடத்தில் விரல்கள் மடங்கின. ஒன்றுமில்லாததைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அந்தக் கை அங்கேயே நின்றது. பிறகு மெல்ல மடியில் வந்து விழுந்தது.

“நல்லா இருக்கு” என்றாள். “புதுசு மாதிரியே இருக்கு.” சத்தம் போடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். அவள் கதவைக்கூட ஓசைப்படாமல்தான் சாத்தினாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து, மத்தியானம் நான் தூங்குவதாக அவள் நினைத்திருந்த நேரத்தில், சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் ஓட்டுநர் சீட்டில் இருந்தாள். வலது முழங்காலுக்கு அடியில் இரு கைகளையும் கொடுத்து, காலைத் தூக்கி பிரேக் பெடல்மேல் வைத்து, முழங்காலைக் கையால் அழுத்தினாள். எடுத்து ஆக்ஸிலேட்டருக்கு மாற்றினாள். மறுபடி பிரேக்கில் வைத்தாள். தினமும் செய்தாள். சில நாட்களில் என்ஜினை ஓட்டி முற்றத்திலேயே நாலடி முன்னே, நாலடி பின்னே போய்ப் பார்த்தாள். நான் தினமும் ஜன்னலில் நின்று எண்ணினேன். முதலில் பத்துக்கு நான்கு தடவை கால் வழுக்கியது. ஆறு வாரத்தில் பத்துக்கு இரண்டு. அறுபத்தொரு வயதில் அது பெரிய முன்னேற்றம். ஆனால் எங்கள் கம்பெனியில் ஆயிரத்துக்கு இரண்டு வந்தாலே நான் பெட்டியோடு திருப்பி அனுப்புவேன்.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை வண்டிக்குப் பாலிஷ் போட்டேன். பெடல் ரப்பருக்கும் போட்டேன். புதுசுபோலத் தெரிய வேண்டும் அல்லவா?

அன்று காலை ஒரு பெட்டியோடு வெளியே வந்தாள். பின்சீட்டில் வைத்தாள்.

“டாக்ஸி கூப்பிடட்டுமா?” என்று நான் கேட்டதாக உங்களிடம் சொன்னேன். கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்: “இது என் வண்டி. இந்த வீட்டுக்கு நான் ஓட்டிக்கிட்டு வந்தவ. ஓட்டிக்கிட்டுத்தான் போவேன்.” பிறகு என் சட்டைக் காலர் மடிந்திருந்ததைச் சரிசெய்துவிட்டு, “போறேன்” என்றாள். வெளியே கிளம்பும்போது எப்போதும் போயிட்டு வரேன் என்றுதான் சொல்லுவாள்.

நான் போய் கேட்டைத் திறந்தேன்.

எங்கள் தெரு சரிவு. கீழே மரக்கடைக்கு முன்னால் லாரி நின்றுகொண்டிருந்தது. பிரேக் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. அப்புறம் எரியவில்லை. அவள் குனிந்து காலைத் தேடுவது பின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நான் கேட்டைப் பிடித்தபடி நின்றேன்.

உங்கள் ஆள் வண்டியைச் சோதித்துவிட்டு பிரேக் கச்சிதமாக இருக்கிறது என்றார். அப்போது எனக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் கொழுந்தியாள் ஆஸ்பத்திரிப் பிணவறை வராந்தாவில் என் கைகளைப் பிடித்துக்கொண்டு, “அத்தான், லீவர் இருந்துச்சே, அக்கா ஏன் பிடிக்கல?” என்று கேட்டுக் கேட்டு அழுதாள். “அவளேதான் கழட்டச் சொன்னா” என்றேன். நீங்கள் அதையே அறிக்கையில் எழுதினீர்கள். அது பொய்.

மோதுவாள் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். பத்துக்கு இரண்டு என்று தெரியும். மீதி எட்டு நடந்திருந்தால், மத்தியானத்துக்குள் அவள் தங்கை வீட்டு மாடியில் ஜன்னலைத் திறந்துவிட்டு, யாரிடமோ எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்திருப்பாள். கேட் பக்கத்தில் நின்றபோது நான் பயந்தது அந்த எட்டுக்குத்தான். நான் வேண்டிக்கொண்டது இரண்டுக்கு.

என்னைக் கொடுமைக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். அவளை நான் ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை, குரலை உயர்த்தியதில்லை. அவள் இல்லாமல் என்னால் ஒருநாள்கூட இருக்க முடியாது, ஐயா.