துண்டால் கட்டிய கை

கஞ்சி கெட்டியாக இருக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பு, சாமி. தண்ணியாகக் கொடுத்தால் பக்கவாதம் வந்தவருக்குப் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்டுவேன். என் வீட்டுக்காரர் முதுகில் படுக்கைப்புண் ஒரு பொட்டு கிடையாது. நற்கருணை கொடுக்க வரும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஸ்டான்லி காய்கறி லாரி ஓட்டினார். ஒட்டன்சத்திரத்தில் ஏற்றினால் திருச்சூர், கொச்சி என்று போய்விடுவார். பீடியும் கருவாடும் தூக்கம் கெட்ட உடம்பும். பிரஷர் இருக்கிறது என்ற டாக்டரைக் கேலி செய்தார். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து, கைலி மாற்றி, தூங்கி எழுந்து போய்விடுவார். நான் தக்காளிக் காட்டில் கூடை சுமந்துவிட்டு வெறும் கட்டிலுக்குத் திரும்புவேன்.

போன வருஷம் பல் விளக்கும்போது அவர் வாய் கோணியது. பேச்சு குழறியது. வலது கை தொங்கிப்போனது. நான் யோசிக்கவே இல்லை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு திண்டுக்கல்லுக்கு ஓடினேன். நேரத்தோடு கொண்டுவந்ததால்தான் அடைப்பைக் கரைக்க ஊசி போட முடிந்தது என்றார் டாக்டர். மாமியார் லூர்தம்மாள் என் காலைப் பிடித்து அழுதார்.

வீட்டுக்கு வந்த பிறகு, உடற்பயிற்சி சொல்லித்தர தமிழ்மதி என்ற பெண் வந்தாள். "நல்ல கையத் துண்டால கட்டிட்டு, வராத கையால பண்டம் எடுக்க விடுங்கக்கா. பாவம் பாத்தீங்கன்னா கை வராது" என்றாள்.

அவள் போனதும் நான் வராத கையைக் கட்டினேன். நல்ல கையால் கரண்டியைத் தொட்டாலும் வாங்கிக்கொண்டு நானே ஊட்டினேன்.

பக்கத்து வீட்டு மலர்விழி வாயைப் பிளந்தாள். "எம் புருசனுக்கு இப்பிடி வந்தா சொவத்துல சாத்தி வச்சிட்டு வேலைக்குப் போயிருவேன். நீ தெய்வம்டி வினோலியா."

"கட்டுறீங்களாக்கா?" என்று தமிழ்மதி வரும்போதெல்லாம் கேட்பாள். கட்டுகிறேன் என்பேன். அதில் பொய் இல்லை.

அப்படியும் அந்தக் கை வந்தது. ஒரு நாள் கட்டை அவிழ்த்தபோது போர்வையைப் பிடித்தது. வாயிலும் ஒரு சொல் வந்தது. என் பெயர் இல்லை. "வண்டி" என்றார். சாவி போடுவதுபோல விரலைத் திருகிக் காட்டினார்.

"பொங்கலுக்குள்ள எம் மகென் ஸ்டேரிங் புடிச்சிருவான் பாரு" என்று அத்தை சிரித்துக்கொண்டே அழுதார்.

அன்றிலிருந்து பிரஷர் மாத்திரையை நிறுத்தினேன். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்ததையும் நிறுத்தினேன். சத்து மாத்திரை மட்டும் கொடுத்தேன். கருவாட்டு வாசத்துக்குத் தலையைத் திருப்புவார். வறுத்துப் பிசைந்து ஊட்டினேன். பிடித்ததை இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கிளம்பும் நேரம், மறுபடி வாய் கோணியது. இந்தத் தடவை மறுபக்கம்.

"ஏத்தா, மொகம் இழுக்குதே. ஆட்டோவக் கூப்புடவா?"

"அசதி அத்தே. செத்த நேரம் தூங்கட்டும். நீங்க பூசைக்குப் போங்க."

போன தடவை மகனைக் காப்பாற்றியவள் சொன்னதால் அத்தை நம்பினார். நான் கதவைச் சாத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தை திரும்பி வருகிறவரை அப்படியே இருந்தேன்.

இப்போது எந்தக் கையையும் கட்ட வேண்டியதில்லை. பேச்சு இல்லை. வண்டி என்ற சொல்லும் போய்விட்டது. தமிழ்மதி வருவதை நிறுத்திவிட்டாள்.

செய்தது பாவம் என்றால் பரிகாரம் சொல்லுங்கள், செய்கிறேன். ஆனால் அவருக்கு என்மேல் வருத்தம் இல்லை, சாமி. நான் எங்கே நகர்ந்தாலும் அவர் கண் என் பின்னாலேயே வருகிறது. பிரியம் இல்லாமலா ஒரு மனுஷன் இமைக்கக்கூட மறந்து இப்படிப் பார்ப்பான்?