கேரவனில் என் பங்கு

ஓடாமல் நின்றாலும் டயர் கிழடாகும். இது பலருக்குத் தெரிவதில்லை. வருஷத்தில் பத்து நாள்தானே கேரவனை எடுக்கிறோம், டயர் புதுசு போலத்தானே இருக்கிறது என்பார்கள். டெக்ஸஸ் வெயிலில் சும்மா நின்றே ரப்பர் வெடித்துப்போகும். கூரை இடுக்கில் பூசிய பசையும் அப்படித்தான், வருஷா வருஷம் ஏறிப் பூசாவிட்டால் மழை உள்ளே இறங்கும். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சின்ன வீடு அது. வீட்டுக்கு வருகிற சீக்கும் அதற்கு வரும், வண்டிக்கு வருகிற சீக்கும் வரும்.

தமிழில் பேச அனுமதித்ததற்கு நன்றி, ஆபீசர். ஜெயபிரகாஷும் அவன் மனைவி ஸ்வர்ணாவும் அந்தக் கேரவனில் படுத்தார்கள், மறுநாள் எழுந்திருக்கவில்லை. சுவரில் இருந்திருக்க வேண்டிய அலாரம் எங்கே போனது என்று கேட்கிறீர்கள். வருகிறேன். முதலில் மற்றதைச் சொல்லாவிட்டால் நான் ஏதோ கெட்டவன் என்று உங்கள் காகிதத்தில் பதிவாகிவிடும்.

ரிச்சர்ட்சனில் எங்கள் இரண்டு வீடும் அடுத்தடுத்த தெரு. அவன் கோபிச்செட்டிபாளையத்துக்காரன், நான் மாம்பலம். கொரோனா ஓய்ந்த வருஷம் ஆளுக்குப் பாதி போட்டு, யாரோ பயன்படுத்திய பழைய கேரவனை வாங்கினோம். யோசனை அவனுடையது. "லைஃபை என்ஜாய் பண்ணோணுங்ணா" என்பான். அதற்குமேல் அவனிடம் தத்துவம் எதுவும் கிடையாது.

கோயிலுக்கு இழுத்துக்கொண்டுபோய்ப் பூஜை போட்டோம். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். ஸ்வர்ணா உள்ளே நுழைந்து அடுப்பு, ஃப்ரிட்ஜ், கதவு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்தாள். குங்குமம் தீர்ந்ததும் கைப்பையிலிருந்து தன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்ட ஆரம்பித்தாள். அன்று காலையில்தான் நான் புது அலாரம் மாட்டியிருந்தேன். புகைக்கும் விஷவாயுவுக்கும் சேர்த்து ஒன்று. பழையது காலாவதியாகியிருந்தது. அவன் அதற்குப் பங்கு தரவில்லை. "அதான் ஒண்ணு இருக்குதுங்களேண்ணா, எதுக்கு தண்டச்செலவு?" என்றான். போகட்டும் என்று விட்டேன்.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுகிற ரகம் ஒன்று உண்டு. இவன் அழக்கூட மாட்டான், சிரிப்பான். நிறுத்துமிட வாடகை, இன்ஷூரன்ஸ், பேரிங் கிரீஸ், பேட்டரி, குளிர்காலத்துக்கு முன் குழாய்த் தண்ணீரை வடிப்பது, எதைச் சொன்னாலும் சிரிப்பு. "நீங்க பாத்துக்குங்ணா, உங்க கைராசி" என்பான். ஆனால் லாங் வீக்கெண்ட் வந்தால் சாவி அவன் வீட்டில்தான் இருக்கும். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே. திரும்பி வரும்போது கழிவுத் தொட்டி நிரம்பி வரும். கையுறை போட்டுக்கொண்டு அதைக் காலி செய்வது இரண்டு மாஸ்டர்ஸ் டிகிரி வாங்கிய நான். அவன் அதே நேரத்தில் ஏரியில் கால் நனைத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டிருப்பான். விற்றுவிடலாம் என்றேன். ரிடயர் ஆனதும் அதிலேயே ஊர் சுற்றப்போவதாகச் சொன்னான். பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்ததால் நான் தனியாக விற்கவும் முடியாது.

தீபாவளி பார்ட்டியில் என் தோளில் கைபோட்டு, "எங்க கேரவனுக்கு சந்தானம் அண்ணாதான் வாட்ச்மேன்" என்று எல்லோரிடமும் அறிமுகப்படுத்தினான். முதலில் சிரித்தது நான்தான். எனக்கு அதில் வருத்தமே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தராதரம் தெரியாதவன் பேச்சுக்கு யாராவது வருந்துவார்களா?

அடுத்த வாரம் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஹீட்டருக்குள் விரிசல், எரிந்த புகை உள்ளேயே வரும், மாற்றும்வரை போடவே கூடாது என்றான். ஜெயபிரகாஷிடம் சொன்னேன். "இவனுங்களுக்கு வேற பொழப்பில்லைங்ணா, காசு புடுங்கறதுக்குச் சொல்றானுங்க. யூடியூப் பாத்து நாமளே பண்ணிக்கலாம்" என்றான். பண்ணவில்லை. டிசம்பரில் டெக்ஸோமா ஏரிக்குப் போவதாக மட்டும் சொன்னான்.

அவர்கள் கிளம்பும் முன் வழக்கம்போல நிறுத்துமிடத்துக்குப் போனேன். டயரில் காற்று பார்த்தேன். கேஸ் சிலிண்டரை நிரப்பினேன், அதுவும் என் வேலைதான். பிறகு அலாரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அது என் காசு. மற்ற எதிலும் அவனுக்குப் பாதி உண்டு, இதில் கிடையாது. என் பொருளை நான் எடுத்துக்கொள்வதில் என்ன தப்பு?

நம் ஊர்க்காரர் வீட்டு வழக்கம் மொழிபெயர்க்கிற அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். மிளகாய் தாளித்தால் அலாரம் கத்தும். அதனால் முதலில் அதைக் கழற்றி எங்காவது வைத்துவிட்டுத்தான் வாணலியை ஏற்றுவோம், பிறகு மாட்ட மறந்துவிடுவோம். ஏரிக்கரையிலிருந்து வந்த அதிகாரிக்கு இதைச் சொன்னேன். பாவம், ரொம்பப் பெரிய விஷயம் கற்றுக்கொண்டவர்போல் தலையாட்டி எழுதிக்கொண்டார். ஈமக்கிரியைக்கு நிதி திரட்டியதும் நான்தான். வாட்ச்மேன் என்று சிரித்தவர்களெல்லாம், "சந்தானம் இல்லேன்னா அந்தப் பொண்ணு என்ன ஆயிருக்கும்" என்றார்கள்.

அந்தப் பொண்ணு ரோஷினி, அவர்களுடைய ஒரே மகள், இங்கேதான் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பாடு. போன ஞாயிறு என் மனைவி ராஜி வத்தக்குழம்புக்குத் தாளித்தாள். அலாரம் கத்தியது. ரோஷினி நாற்காலி போட்டு ஏறி, அதைத் திருகி எடுத்துத் திருப்பினாள். நல்ல பொருளைக் குப்பையில் போட மனம் வராமல் சமையலறை வாசலில் நான்தான் மாட்டியிருந்தேன். அதன் ஓரத்தில் கல் வைத்த மெரூன் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. இந்த மாதிரி அற்ப விஷயங்களை நான் கவனிப்பதில்லை.

"அங்கிள், திஸ் இஸ் அம்மாஸ் பொட்டு" என்றாள். அழவில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போய் உங்களுக்குப் போன் செய்தாள். ராஜி என் முகத்தைப் பார்த்தாள், அடுப்பை அணைக்காமலே அவள் பின்னால் வெளியே போனாள். குழம்பு தீய்ந்துவிட்டது.

இன்னொன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். அவர்கள் கேரவனில் கடைசியாகப் படுத்த அன்று சாயங்காலம் ஏரிக்கரையிலிருந்து ஸ்வர்ணா என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஹீட்டர் ஏதோ ரிப்பேருன்னீங்களாமா? இவரு சும்மா போடுங்கறாரு. எனக்குப் பயமா இருக்குது. குளிரு வேற தாங்கல. போட்டுக்கலாங்களாண்ணா?"

"தாராளமா போட்டுக்கோம்மா. போன வாரமே ஆள விட்டு சரி பண்ணிட்டேன்."

"உங்களுக்குத்தான் எத்தன சிரமம். வந்ததும் எங்க பாதிய நான் குடுத்தர்றேன்ணா. இத்தன நாளும் குடுக்காததயும் சேத்துத்தான். இவருகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம், அது எனக்குத் தெரியும். ஆனால் புருஷன் தர வேண்டியதைப் பெண்டாட்டியிடம் திருட்டுத்தனமாக வாங்குகிற ஆள் நான் இல்லை. நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கும்மா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அவ்வளவுதான். கேரவனில் என் பாதியை ரோஷினியே எடுத்துக்கொள்ளட்டும், பாவம், அந்தக் குழந்தைக்கு இனி யார் இருக்கிறார்கள். ஆனால் மேஜைமேல் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த அலாரத்தை வழக்கு முடிந்ததும் என் வீட்டில் கொடுத்துவிடுங்கள். அதில் அவர்களுக்குப் பங்கில்லை.