கம்ப்யூட்டர் சிவப்பு காட்டிய மாத்திரை

– மத்ததை எல்லாம் வேணும்னா நிறுத்திக்கோ டாக்டர் தம்பி, அந்தத் தூக்க மாத்திரைய மட்டும் தொடாதே.

– ஸ்தானா அத்தை, அதைத்தான் முதல்ல நிறுத்தச் சொல்லுது கம்ப்யூட்டர். பாருங்க, செக்கச்செவேல்னு எரியுது.

– எரியட்டுமே. நம்ம ஊர்ல சிவப்பு விளக்குக்கு எவன் நிக்கிறான்?

– விளையாடாதீங்க. பெல்கிரேடுலேருந்து குடுத்திருக்காங்க. உங்க வயசு, நோய், சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் போட்டா, எதுக்கு எது ஆகாதுன்னு புட்டுப்புட்டு வைக்கும்.

– மாமியார் மருமகளுக்கும் சொல்லுமா? எங்க வீட்ல ஒண்ணு வாங்கி வைக்கலாம்.

– பேச்சை மாத்தாதீங்க. அன்னிக்கு எப்படி விழுந்தீங்க?

– நாற்காலி மேல ஏறி அய்வார் தொக்கு ஜாடியை எடுத்தேன். ஜாடியும் விழுந்துச்சு, நானும் விழுந்தேன். நாள் பூரா மிளகாய் சுட்டு, தோல் உரிச்சுக் கிண்டினது தம்பி! தரையில பார்த்ததும் அழுதே போயிட்டேன்.

– ஜாடி மேல பழி போடாதீங்க. இந்த மாத்திரை போட்டா ராத்திரி எழுந்திருக்கும்போது கால் தடுமாறும். வியன்னாவிலேருந்து உங்க மகன் போன் மேல போன். அம்மாவைத் தனியா விடலாமா, முதியோர் இல்லத்துல சேர்க்கட்டுமான்னு என்னைத்தான் கேக்குறார்.

– நீ என்ன சொன்னே?

– மாத்திரைய விட்டா வீட்லயே இருக்கலாம். விடலைன்னா நான் பொறுப்பில்ல.

– அடப்பாவி! உன்னை இடுப்புல தூக்கிட்டு மாடிப்படி ஏறினவடா நான்!

– அந்த அக்கறையிலதான் சொல்றேன். உங்களுக்கு மேல் வீட்ல எங்க அம்மா இருக்காங்களே, அவங்களைப் பாருங்க. இந்த வயசுல ஒரு மாத்திரை உண்டா? பனியில வழுக்கிக் கை பிசகினதுக்குக்கூட வலி மாத்திரை வேண்டாம்னுட்டாங்க. படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம்.

– ஆமாமா. நல்லாத்தான் தூங்குறா.

– என்ன நமட்டுச் சிரிப்பு?

– திட்ட மாட்டேன்னு சொல்லு, உண்மையச் சொல்றேன். அந்த மாத்திரைய நான் வாயில வச்சதே இல்ல.

– என்னது! மாசாமாசம் எழுதி வாங்கிட்டுப் போறீங்களே?

– எங்க மாடிப்படியில குடியிருக்கிற பொம்பளைங்க எல்லாம் காலைல ஒண்ணா காப்பி குடிப்போம்ல? தட்டுல மிட்டாயோட மாத்திரையும் சுத்தி வரும். பக்கத்து வீட்டு யாகொதா எனக்கு மூட்டு மாத்திரை குடுப்பா, நான் அவளுக்கு வயித்து மாத்திரை குடுப்பேன். ஒருத்தி தூக்கம் வரலைன்னு புலம்பினா. பாவமா இருந்துச்சு.

– கடவுளே! அப்ப இந்தக் கம்ப்யூட்டர் இவ்வளவு நாளா யாருக்கு வைத்தியம் பார்த்துச்சு?

– மாடிப்படி முழுக்கத்தான். கோவிச்சுக்காதே. ஏன் தம்பி, அதைப் போட்டா நிஜமாவே விழுவாங்களா?

– நிஜமா அத்தை. இடுப்பெலும்பு உடைஞ்சா அப்புறம் எழுந்திருக்கறதே கஷ்டம். யாருக்குக் குடுத்தீங்க?

– சொல்ல மாட்டேன்னு அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்கேன்.

– அவங்க படுக்கையில விழுந்தா உங்க சத்தியமா தூக்கி நிறுத்தும்? சொல்லுங்க!

– வேண்டாம்பா, கேக்காதே. விழுவாள்னு தெரிஞ்சிருந்தா குடுத்தே இருக்க மாட்டேன். தம்பி, உங்க அம்மாவுக்குக் கை பிசகினது பனியில இல்ல.