விரதக்கார வீட்டு முயல்கள்

இல்லைப் பிள்ளை, பாய்ஞ்சிருக்கும்! முயல் எண்டாப் பாயாதே? அஞ்சாம் மாடியில இருந்து உங்கட நாலாம் மாடிக்கு என்ன பெரிய தூரம்... கடல் காத்தும் அடிக்குது, அதுவும் ஒரு தள்ளுத் தள்ளியிருக்கும். என்ன, கறிவேப்பிலைக் கண்டைத் திண்டிட்டுதோ? முழுக்கவோ? ஐயோ முருகா! வேரை விட்டிட்டுதெல்லே... தழைக்கும், தழைக்கும். ஏன் அதைத் தூக்கிக்கொண்டு வாசல்ல நிக்கிறீங்கள், உள்ள வாங்கோ. இருங்கோ. ஐயையோ, அந்தக் கதிரையில இல்லை, அதில ஒண்டு படுத்திருக்கு! இதில இருங்கோ.

நீங்கள் போன கிழமைதானே வந்தனீங்கள்? உங்களுக்கு எங்கட வீட்டுக் கூத்து தெரியாது. முழுக்க இந்த மனிசன் நமசிவாயத்தால வந்த வினை. ரிட்டயர் ஆன மனிசன் பேப்பரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதானே? இல்லை! இறைச்சி விலையைப் பார்த்தியே பத்மாவதி, இனி எங்கட இறைச்சியை நாங்களே வளர்ப்பம் எண்டார். வெள்ளவத்தையில, ரெண்டு அறை ஃப்ளாட்டில! நான் கேட்டன், மாட்டை எங்கயப்பா கட்டுவீங்கள், பாத்ரூமுக்குள்ளயோ எண்டு. சட்டையைக் கொளுவிக்கொண்டு வெளிக்கிட்டார். பின்னேரம் வரேக்க ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள ரெண்டு முயல்.

புறக்கோட்டையில இவற்ற பழைய கூட்டாளி இப்ஹாம் நானா குடுத்தவராம். ரெண்டும் பொம்பிளையாம். குட்டிகிட்டி போடாதாம். நல்ல மனிசன்தான் இப்ஹாம் நானா, குறை சொல்லக்கூடாது. ஆனா அந்த ரெண்டு பொம்பிளையளும் சேந்து அஞ்சு குட்டி போட்டுதுகள்! பேந்து ஆறு! இப்ப பதின்மூண்டு. செருப்பு ராக்கைக்குள்ள மூண்டு, கட்டிலுக்குக் கீழ நாலு. வைஃபை வயரைத் தறிச்சுப்போட்டு, இவர் கம்பெனிக்கு ஃபோன் பண்ணிச் சண்டை பிடிக்கிறார். கீழ நிக்கிற செக்யூரிட்டிப் பொடியன் கேக்கிறான், ஆன்ட்டி, இது வீடோ, தெஹிவளை ஜூவோ எண்டு.

ஏன் இன்னும் ஒண்டைக்கூட சமைக்கேல்லை எண்டு கேக்கிறீங்கள், என்ன? கேக்கேல்லையோ? பரவாயில்லை, சொல்லுறன்.

விரதம் பிள்ளை, விரதம்! எங்கட வீட்டில விரத நாள்ல மீன், இறைச்சி, ஒரு மச்சமும் அடுப்பில ஏத்திறேல்லை. பிறகெப்பிடி வெட்டுறது? ஆடியில வாங்கினது, கொஞ்சம் கொழுக்கட்டும் எண்டு விட்டம். கொழுத்து நிமிர்ந்தா புரட்டாதிச் சனி. பிறகு நவராத்திரி. அது முடியக் கேதாரகௌரி, இருவத்தொரு நாள். மூச்சு விட முதல் கந்தசஷ்டி. பேந்து பிள்ளையார் கதை, அதுவும் இருவத்தொரு நாள். பேந்து திருவெம்பாவை. இடையில செவ்வாய், வெள்ளி. பௌர்ணமிப் போயாவுக்கு நாடே இறைச்சி வெட்டாது. முயல் ஒரு மாசத்தில குட்டி போடுது, எங்கட வீட்டில ஒரு மாசத்தில மச்சத்துக்கு நாலு நாள் தேறாது. எப்பிடி முந்திறது, சொல்லுங்கோ!

பாவம் இப்ஹாம் நானா. தானே வந்து அறுத்துத் தாறன் எண்டு சொன்னவர். மூண்டு தரம் கத்திப் பையோட வந்து, மூண்டு தரமும் பிளேன்டீ குடிச்சிட்டுப் போட்டார். உங்கட சாமிமார் முயல் கட்சியோ எண்டு கேக்கிறார்!

சிரிக்காதேங்கோ. இன்னும் கேளுங்கோ. களுபோவில கிளினிக்கில டொக்டர் இவற்ற ரிப்போட்டைப் பார்த்துப்போட்டு, ஐயா எப்பிடிக் கொலஸ்ட்ரோல் இவ்வளவு குறைஞ்சது எண்டு கேட்டாராம். இவர் சொல்லுறார், வீட்டில இறைச்சிக்கு முயல் வளர்க்கிறம் எண்டு! ஹிஹி... அந்த டொக்டர் என்ன நினைச்சிருப்பார்!

ஆனா இண்டைக்கு... இண்டைக்குத்தான் வசமா மாட்டுப்பட்டுப் போனம். சிவராத்திரி போன கிழமை முடிஞ்சுது. பங்குனித் திங்களுக்கு இன்னும் நாள் கிடக்கு. இண்டைக்குப் புதன். புதனுக்கு ஒரு விரதமும் இல்லைப் பிள்ளை, நான் காலமையில இருந்து கலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டன். நானா நாலு மணிக்கு வாறார், இனி வாற நேரம்தான். இவர் காலமையே கறித்தூள் வறுத்து வைச்சிட்டு, ரம்பை இலை வாங்கச் சந்தைக்குப் போட்டார். இனிக் குட்டி பெருகக்கூடாதாம், அதால தாயைத்தான் முதல் வெட்டுறதாம். உந்தா, உங்கட மடியில கிடக்குதே, உதைத்தான்.

ஓம்... உதுதான் தாய்.

உங்களுக்குத் தெரியுமோ, உது குட்டி போட முதல் என்ன செய்தது எண்டு? தன்ர நெஞ்சு மயிரைத் தானே வாயால பிடுங்கிப் பிடுங்கி, இவற்ற பழைய சப்பாத்துப் பெட்டிக்குள்ள மெத்தை கட்டினது. நெஞ்சு வெறும் தோலாப் போச்சு. நான் குசினியில நிண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். அதுக்குப் பிறகு என்னால ஏலாமல் போச்சு, பிள்ளை. சத்தியமா ஏலாமல் போச்சு. இறைச்சிக் கடையில கோழி வாங்குவன், கையால கழுவுவன், கறி வைப்பன், ஒண்டுமில்லை. உதை மட்டும் ஏலாது.

சரி, சொல்லுறன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. விரதம் எல்லாம் உண்மையான விரதம்தான். ஆனா எங்கட அம்மாவின்ர திவசம் வருஷத்தில ஒருக்காத்தானே வரும்? இந்த முறை மூண்டு தரம் வந்தது. கார்த்திகையில ஒண்டு, தையில ஒண்டு, மாசியில ஒண்டு. நானா கத்தியோட வந்த மூண்டு நாளும்! இவருக்குத் தன்ர கலியாண நாளே தெரியாது, மாமியின்ர திதி எங்க தெரியப்போகுது? விடியவே முழுகி, வடை பாயாசத்தோட சாப்பிட்டு, அம்மா புண்ணியவதி எண்டார். நான் குசினிக்குள்ள போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சனான். அம்மா மேல இருந்து ஏசியிருப்பா. ஏசட்டும்.

நாலாவது திவசம் வைக்க எனக்குத் துணிவு வரேல்லை.

என்னது, உங்கட பைக்குள்ள? கூடையோ? ஆ... கயிறோட... உங்கட உடுப்புக் கொடியில கொளுவிக்கொண்டு கிடந்ததோ?

அது... அது என்ர கூடைதான் பிள்ளை. மரக்கறி வண்டில் வந்தா பால்கனியால இறக்கிற கூடை.

பாயேல்லை. சும்மா சொன்னனான். நான்தான் இறக்கினனான். இவர் படியிறங்கின உடன, உதை ஒரு துவாயில சுத்தி, ரெண்டு வெண்டிக்காயும் வைச்சு, ஆட்டி ஆட்டி உங்கட பால்கனிக்குள்ள விட்டனான். நல்லா இறங்கிச்சுது. கயிறுதான் கொளுவிக்கொண்டுது, இழுக்க இழுக்க வரேல்லை, கையை விட்டிட்டன். புதுசா வந்த பிள்ளை, முகம் நல்ல முகமாக் கிடக்கு, ஒரு நாளைக்கு வைச்சிருக்கும் எண்டு நினைச்சன். கறிவேப்பிலையை நான் யோசிக்கேல்லை. பிழைதான். பெரிய பிழைதான். ஏசுங்கோ.

எங்க எழும்புறீங்கள்? கோவமோ? முயலைத் தந்திட்டுப் போங்கோவன்... ஏன் திரும்பத் தூக்கிக்கொண்டு போறீங்கள்? என்னட்டத் தரத்தானே வந்தனீங்கள்...

ஆ.

உங்கட வீட்டிலயே வைச்சிருக்கப் போறீங்களோ? ஆ, என்ர பிள்ளை! பொறுங்கோ, லிஃப்ட்டால வேண்டாம், லிஃப்ட் மேல வருது, இவரும் நானாவும்தான், எனக்கு இவற்ற இருமல் கேக்குது! படியால போங்கோ, படியால! பிள்ளை... பிள்ளை! கூடை! கூடையைத் தந்திட்டுப் போங்கோ! மற்றப் பன்னிரண்டு பேரும் இறங்கவேணும்!