இயந்திரக் கைக்கு வந்த தோள்வலி

ஆழ்ந்த துயரத்துடன் ஓர் அறிவிப்பு! சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளிக் கேன்டீனில் ஒரு குவளை தே தாரிக், அதாவது உயரத் தூக்கி இழுத்து ஆற்றிய பால் தேநீர், கவிழ்ந்து காலமானது. அதைப் பெற்றுக்கொண்ட எறும்புகளுக்கு நம் வாழ்த்துகள்!

அதட்டினாலும் அன்பு குறையாத அவைத் தலைவர் மோகனராஜ் சார் அவர்களே! நாசி கண்டார் சோற்றுக் கடையில் நுரை பொங்கத் தே இழுத்தே தலை நரைத்த நடுவர், அலாவுதீன் மாமா அவர்களே! மகன் உளறுவதையும் மறக்காமல் போனில் படம் பிடிக்கும் தாய்மார்களே! வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்!

இதோ என் பக்கத்தில் தே தாரிக் இழுக்கப்போகும் ரோபோ! மாமா தலையசைத்தால் கோலாலம்பூர் போட்டி. உதட்டைப் பிதுக்கினால் வீட்டோடு கிடப்போம். இதன் மூட்டுகளுக்கு மோட்டார் பொறுக்கிய மாமேதை யார்? யுகேந்திரனாகிய நானே!

ஆனால் எத்தனை குழப்பம் ஐயா! சொன்ன கோணத்தில் நிற்கும் சின்ன சர்வோ மோட்டார் போட்டோம். குவளை நிறைந்ததும் கை தொங்கியது. ஜுரு ஊரில் ஒரு பழைய கெரேத்தா காரில் கழற்றிய வைப்பர் மோட்டார் போட்டோம். தூக்கியது, தூக்கியது, தூக்கிக்கொண்டே போனது! நிற்கத் தெரிந்ததற்குப் பலமில்லை, பலமுள்ளதற்கு நிற்கத் தெரியவில்லை. நான் எதைக் கட்டிக்கொண்டு அழுவது?

என்ன அஃபிக், பின்வரிசையில் சிரிப்பு? "ரெண்டும் இல்லாதவன் நீதான்"னா? இரு லா, இறங்கி வரேன்!

அஞ்சினேனா? அயர்ந்தேனா? இருப்பதிலேயே பெரிய சர்வோவை முழங்கையில் மாட்டினேன். அதன் கனத்தையும் சேர்த்துத் தூக்க முடியாமல் தோள் தொய்ந்தது. தோளுக்கும் பெரிதாகப் போட்டேன். ரோபோவே குப்புற விழுந்தது. அன்றுதான் அந்தக் குவளை உயிர் நீத்தது! பெரிதாக்கினால் கனம், கனத்தால் இன்னும் பெரிது, பெரிதானால் இன்னும் கனம். இதற்கு முடிவுதான் எங்கே?

எங்கள் குழுவின் இஸ்ஸதி ஒரு குவளைத் தண்ணீரை என் கையில் திணித்தாள்.

"கைய நீட்டிப் பிடிடா. எங்க வலிக்குது?"

"தோள்ல."

"அப்புறம் ஏன் முழங்கைல கொண்டுபோய்ப் பாரத்த வெச்ச?"

முழங்கை மோட்டாரைக் கழற்றி ரோபோவின் அடிப்பீடத்தில் வைத்தாள். அங்கிருந்து ஒரு பெல்ட் முழங்கையைத் திருப்பியது. கை இலேசானது. நடுத்தர மோட்டார்களே போதுமென்று ஆனது!

பாருங்கள், கை உயர்கிறது! தே இறங்குகிறது! நுரை பொங்குகிறது! மாமா குடிக்கிறார்... என்ன மாமா? "சீனி கூடிப்போச்சு, ஆனா போய்ட்டு வாங்க"ன்னா? கோலாலம்பூரா?

ஐயோ, மாலை எனக்கு வேண்டாம் சார், இஸ்ஸதிக்குப் போடுங்கள். நான் பொறுக்கிய அந்த மாபெரும் மோட்டாரும் இந்த ரோபோவில்தான் இருக்கிறது. வயர் மட்டும் இல்லை. ரோபோ குப்புற விழாமலிருக்கப் பின்னால் பாரமாகக் கட்டி வைத்திருக்கிறாள்.

சீனி போட்டதும் நான்தான். பொறுத்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்!