கறுப்பு டியூப்பின் நூறு வீச்சு

பெரிய ரப்பர் டியூப்புகள் எல்லாம் ஒண்டுதான், நிறம் மட்டும்தான் வித்தியாசம் எண்டு கடைக்காரர் சொல்லுவினம். அதை நம்பாதேங்கோ பிள்ளை. எனக்கு இங்கிலிஷ் நல்லாத் தெரியும், இந்த நாட்டுக்கு, கிளென் வேவர்லிக்கு வந்து இருபத்திரண்டு வருசம். எண்டாலும் இதைத் தமிழிலை சொன்னால்தான் ஒழுங்கா வரும். அதுதான் மொழிபெயர்க்க உங்களைக் கூப்பிடச் சொன்னனான். நான் சொல்லுறதை இந்தப் பொலிஸ் அதிகாரிக்கு அப்பிடியே சொல்லுங்கோ, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

டியூப் எண்டால் தூண்டிலிலை போடுற பொய் இரை. பார்க்கக் கணவாய் மாதிரி இருக்கும், உள்ளுக்கை வெறுமை, வாலிலை குஞ்சம். மரே கொட் இங்கத்தை ஆறுகளிலை இருக்கிற பெரிய வாய் மீன், அதுக்கு ஒரு சாண் நீளத்திலை வேணும். அமெரிக்காவிலை இருந்து மூண்டு எடுப்பிச்சனான், வெள்ளை, மண்ணிறம், கறுப்பு. எது நல்லது எண்டு பார்க்கிறதெண்டால் ஒரே இடம், ஒரே பாரம், ஒவ்வொண்டுக்கும் நூறு வீச்சு, எல்லாத்தையும் கொப்பியிலை எழுதோணும். நடுவிலை விட்டால் முழுக்கப் பாழ். நான் பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலை வேலை செய்யிறவன், எனக்கு அந்த ஒழுங்கு ஊறிப்போச்சு.

விக்னராஜா படகிலை வந்தவன். தடுப்பு முகாமாலை விட்டதும் நான்தான் என்ரை வீட்டுப் பின்னறையிலை இடம் குடுத்தனான். வயது முப்பத்தெட்டு. முல்லைத்தீவிலை கடல் தொழில் செய்தனான் எண்டு அகதிக் கேசிலை எழுதியிருந்தான். மனிசியும் ரெண்டு பிள்ளையளும் இன்னும் அங்கை. தை மாதம் இன்டர்வியூ. "அண்ணை, இது சரிவந்தால்தான் அவையளைக் கூப்பிடலாம்" எண்டு சாப்பாட்டு மேசையிலை தினமும் சொல்லுவான். அவன் சொல்லுறது உண்மை எண்டு ஒரு கடிதம் தாறதாச் சொல்லியிருந்தனான்.

ஆற்றுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினனான். முதல் நாளே நான் கழிச்சு எறிஞ்ச கிழிஞ்ச டியூப் ஒண்டை எடுத்துப் போட்டான். மூண்டாவது வீச்சிலை எண்பது சென்ரிமீற்றர் கொட் மீன். நான் மூண்டு வருசமா ஒண்டும் பிடிக்கேல்லை. "மீனுக்கு நிறம் என்னத்துக்கு அண்ணை? பசிச்சால் கவ்வும்" எண்டு சிரிச்சான். பிறகு ஒரு பிறந்தநாள் விழாவிலை என்ரை சிநேகிதர் அரியரத்தினம் எல்லாருக்கும் முன்னாலை, "சச்சி, உமக்குக் கொப்பி, அவனுக்கு மீன்" எண்டார். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது, நானும் சிரிச்சனான். பொறாமை எண்டு எழுதிப்போடாதேங்கோ. ஒழுங்காச் செய்யிற வேலையை ஒருத்தன் பகிடியாக்கினால் யாருக்கும் மனம் நோகும்தானே.

போன டிசம்பர் எட்டாந் திகதி, சனிக்கிழமை காலமை, ஷெப்பார்ட்டன் தாண்டிக் கோல்பர்ன் ஆற்றங்கரை. கறுப்பு டியூப்பின்ரை முறை. எழுபத்தொன்பதாவது வீச்சிலை, கரையிலை இருந்து ஆற்றுக்கை விழுந்து கிடந்த மரத்திலை அது சிக்கிப்போச்சு. விக்னராஜா கத்தியோடை வந்தான். "நூலை வெட்டுவம் அண்ணை." என்னட்டைக் கறுப்பு ஒண்டே ஒண்டுதான் இருந்தது. மரத்திலை நடந்து போய்க் கழட்டு எண்டன்.

"எனக்கு நீந்தத் தெரியாது அண்ணை."

நான் சத்தம் போடேல்லை. கடல் தொழிலாளிக்கு நீந்தத் தெரியாதோ, அப்ப கேசிலை எழுதினது பொய்யோ, பொய்யை உண்மை எண்டு நான் எப்பிடிக் கடிதம் எழுதுறது எண்டு கேட்டன். அவ்வளவுதான். இன்டர்வியூவிலை இதைவிடக் கடுமையாக் கேட்பினம், நான் அவனைப் பழக்கினனான். பிறகு சேர்ட்டைக் கழட்டி மடிச்சு, சப்பாத்துக்கு மேலை வைச்சிட்டுப் போனான்.

டியூப்பைக் கழட்டிப்போட்டான். "சரி அண்ணை, இழுங்கோ" எண்டு கையைக் காட்டினவன், திரும்பேக்கை வழுக்கி விழுந்தான். நீரோட்டம் அவனை என்ரை பக்கமாத்தான் கொண்டு வந்தது. எனக்கும் அவனுக்கும் நாலடி. மீன் அள்ளுற வலை என்ரை காலடியிலை கிடந்தது, அதின்ரை பிடி ஆறடி. அந்த வலையை நான் எடுக்கேல்லை. நூலைச் சுத்தி டியூப்பைத்தான் எடுத்தனான்.

ரெண்டு தரம் "அண்ணை" எண்டான். கத்தேல்லை, தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுற மாதிரித்தான். நாலு மாசமா அந்தக் குரல் என்னை விடுகுதில்லை. குசினிக் குழாயைத் திறந்தால் கேக்குது. குளிக்கேக்கை ரேடியோவைச் சத்தமாப் போட்டாலும் கேக்குது. பின்னறையைப் பூட்டித் திறப்பை எறிஞ்சும் போட்டன், காலமை பார்த்தால் கதவடி ஈரம். எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை, பொய் சொல்லேல்லை.

செத்தவீட்டுக்குப் பென்டில் ஹில்லிலை இருந்து அவன்ரை ஊர்க்காரர் வந்தவை. கடலுக்குப் போற தங்கடை ஆக்களிலை கனபேருக்கு நீந்தத் தெரியாது, வள்ளத்தை நம்பித்தான் போறது எண்டு அதிலை ஒருத்தர் அழுது அழுது சொன்னார். யாழ்ப்பாண ரவுணிலை படிச்ச எனக்கு அது எங்கை தெரியும்? தெரிஞ்சிருந்தால் நல்ல கடிதமா எழுதியிருப்பன்.

எட்டு மணிக்கு அக்கரையிலை கூடாரம் அடிச்சிருந்த வெள்ளைக்காரன் எங்கள் ரெண்டு பேரையும் கண்டவன். நான் பொலிசுக்குப் போன் எடுத்தது ஒன்பதுக்கு. அவ்வளவு நேரமும் தேடினனான் எண்டு அண்டைக்குச் சொன்னது பொய். எனக்கு இன்னும் இருபத்தொரு வீச்சு மிச்சம் இருந்தது. அதை முடிச்சிட்டுத்தான் போன் எடுத்தனான்.

தொண்ணூற்றாறாவதிலை கொட் மீன் ஒண்டு பிடிபட்டது, என்ரை முதல் மீன். அளந்து எழுதினன். பாவம், நல்லாக் களைச்சுப்போச்சு. நான் சப்பாத்தோடையே முழங்கால் மட்டும் தண்ணிக்கை இறங்கி, ரெண்டு கையாலும் ஏந்தி, அது செவுளாலை ஒழுங்கா மூச்சு விடுமட்டும் பத்து நிமிசம் அசையாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டு, பிறகுதான் போகவிட்டனான். இரக்கமில்லாதவன் எண்டு என்னை ஒருத்தரும் சொல்ல ஏலாது, அதுவும் ஒரு உயிரல்லோ பிள்ளை.