வாய் திறக்காதவள்

ஆகஸ்ட் கடைசி. இரவு எட்டு மணி... எட்டு என்றாலும் எங்கள் பக்கத்தில் அப்போது முழு இருட்டு இல்லை. வெளிச்சம் மெல்லச் செத்துக்கொண்டிருக்கிற நேரம். ஸ்கோர்வே தீவில் ஒரே ஒரு பாதை. அதைப் பாதை என்று சொன்னால் ஆடு கூடச் சிரிக்கும். இந்தப் பக்கம் சதுப்பு. அந்தப் பக்கம் நேராகக் கடல். அந்தப் பாதையில் ஒருத்தி தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

கொஞ்சம் அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். இந்தக் காற்றில் கப்பல் எப்படியும் விடிகிற வரை கிளம்பாது. யாராவது இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முடித்துவிடுங்கள். பிற்பாடு என்னைத் திட்டக் கூடாது. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், இது குடலைப் புரட்டுகிற சமாச்சாரம். மீன் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசையில் வேலை பார்த்த மர்டீனா சொன்னது. அவளுடைய நாத்தனாருக்கு நடந்தது.

நாத்தனார் பெயர் மார்சலி. கல்யாணத்துக்கு முன்னால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தனியாக மலை மலையாகத் திரிந்தவள். இப்போது மடியில் ஐந்து மாதக் குழந்தை, ஊனா. ஊனா பிறந்ததிலிருந்து மார்சலி ஒரு முழு ராத்திரி தூங்கியதில்லை. கண்ணெல்லாம் உள்ளே போய், தட்டில் சோறு இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாளாம். அவள் புருஷன் கேலம் நல்லவன். ஒரே ஒரு ராத்திரி எங்கேயாவது போய்த் தூங்கிவிட்டு வா, பால் எடுத்து வைத்திருக்கிறாய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனேதான் அனுப்பினான். பச்சைப் பிள்ளையைப் போட்டுவிட்டு மலை ஏறப் போகிறாளாம் மகராசி என்று ஊர் பேசியது. மார்சலிக்கும் உள்ளுக்குள் அதே உறுத்தல்தான். ஆனாலும் போனாள். பக்கத்தில்தானே, படகில் இரண்டு மணி நேரம்தானே என்று போனாள்.

ரூரி என்கிற கிழவனுடைய படகு. மதியம் இறக்கிவிட்டான். காலையில் தண்ணீர் ஏறும்போது வருவதாகச் சொன்னான். பாறை விளிம்புப் பக்கம் போகாதே, ஃபுல்மர் என்கிற கடற்பறவையின் குஞ்சுகள் உட்கார்ந்திருக்கும், துப்பிவிடும் என்றும் சொன்னான்.

போகாதே என்றால் போகத்தானே தோன்றும். போனாள். கொழுகொழுவென்று ஒரு குஞ்சு, பஞ்சு மூட்டை மாதிரி. ஐயோ எவ்வளவு அழகு என்று குனிந்தாள். அது வாயைத் திறந்தது... புளிச்! மஞ்சள் எண்ணெய். வயிற்றிலிருந்து நேராக இவள் சட்டை மேல்.

அந்த எண்ணெயின் நாற்றம் தெரியாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். அழுகிய மீன், பழைய வாந்தி, அதன் மேல் கொஞ்சம் மண்ணெண்ணெய். துவைத்தாலும் போகாது. ஓடையில் அலசினாள், புல்லைப் பிடுங்கித் தேய்த்தாள். நாற்றம் விரலுக்கு ஏறியதுதான் மிச்சம். அந்தக் கோலத்தில்தான் எட்டு மணிக்கு அந்தப் பாதையில் வந்துகொண்டிருந்தாள்.

தீவில் ஆள் குடியில்லை. ஒரே ஒரு கல் வீடு, நடக்க வருகிறவர்கள் தங்குவதற்கு. பூட்டு கிடையாது, காசு கிடையாது. சட்டம் ஒன்றுதான்: எந்த நேரத்தில் யார் வந்து நின்றாலும் இடம் இல்லை என்று சொல்லக் கூடாது. மலையில் நடக்கிறவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வாய் தானாக வரவேற்கும்.

சட்டையை வெளியே கல்லின் மேல் போட்டுவிட்டு உள்ளே வந்து தீ மூட்டினாள். மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. தகரக் குவளையில் பாலைப் பீய்ச்சி எடுத்தாள். வைத்திருந்து என்ன செய்ய... வாசல் படியோரம் ஊற்றினாள். ஊற்றும்போது அழுகையாக வந்ததாம். அவ்வளவு பாலையும் மண்ணுக்குக் கொடுக்கிறேனே என்று.

சூப்பைச் சூடு பண்ணினாள். அப்போது ஒரு சத்தம்.

சப்... சப்... சப்...

யாரோ வெறுங்காலோடு ஈரக் கல்லில் நடக்கிற சத்தம். வாசல்வரை வந்தது. நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் படிக்கல்லில் ஏதோ நக்குகிற சத்தம். நாய் கஞ்சித் தொட்டியை வழிப்பது மாதிரி, சளப்... சளப்... அப்புறம் அதுவும் நின்றது. கதவில் ஒரு தட்டு.

தீவில் நாய் கிடையாது. அந்த நினைப்பு மனசில் முழுசாக விழுவதற்குள் அவள் வாய் முந்திக்கொண்டது.

"இடம் இருக்கு, உள்ள வாங்க."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

வந்தது ஒரு பெண்பிள்ளை. வயது சொல்ல முடியவில்லை. தடித்த கம்பளிப் பாவாடை, தலையில் துணி. இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நம் ஊரில் கேட்போமே... அப்படி. மார்சலி பெயர் கேட்டாள், எந்த ஊர் என்று கேட்டாள். பதில் இல்லை. சூப்பு வேண்டுமா என்றதற்கு அவள் தன் வாயைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

பல்வலி போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டாள் மார்சலி.

நாற்றம் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. சட்டை வெளியே கிடக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது... இது எங்கிருந்து? கையை முகர்ந்தாள், கூந்தலை முகர்ந்தாள். அப்போதுதான் எதிரே பார்த்தாள். அந்தப் பெண்பிள்ளையின் கடைவாயிலிருந்து மஞ்சளாக ஒரு கோடு இறங்கியது. தாடைக்கு வருவதற்குள் அவள் அதை விரலால் வழித்தாள். வழித்து, உதட்டை இம்மியளவு திறந்து, சிந்தாமல், பத்திரமாக உள்ளேயே தள்ளிக்கொண்டாள். தொண்டை அசையவில்லை. விழுங்கவில்லை.

மார்சலிக்குக் குடித்த சூப்பு பாதி வழி ஏறிவிட்டது. ஆனால் நோயாளியின் முகத்துக்கு நேரே மூக்கைப் பிடிக்க முடியுமா? பேச்சுக் கொடுத்தால் கண் அந்த வாய்க்குப் போகாது என்று கடகடவென்று பேச ஆரம்பித்தாள். ஊனாவைப் பற்றி. ராத்திரியெல்லாம் பசி பசி என்று அழுவதைப் பற்றி. போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள்.

அவள் அந்தப் படத்தைப் பார்த்த பார்வை... இமை மூடவே இல்லையாம். கிட்டே வந்தாள். இன்னும் கிட்டே. கன்னத்துக்குள் அந்தத் திரவம் அலம்புகிற சத்தம் கேட்டது. களக்... களக்...

என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் மார்சலி அதையும் சொன்னாள். எங்கள் தீவுக்காரர் எல்லாரும் எல்லாரிடமும் சொல்கிறதுதான்.

"எங்க ஊர்ப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க. படகுத்துறைக்கு மேல நீலக் கதவு. தட்டக்கூட வேண்டாம், தொறந்தேதான் கெடக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். சரி என்று.

அப்புறம் மார்சலி தூங்கிப்போனாள். பயமாக இல்லையா என்று கேட்காதீர்கள். ஐந்து மாதத் தூக்கம், கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டது. முழித்தது கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தபோது. வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை என்றாளாம். குளிர்ந்திருந்தால் கூட மழை என்று நினைத்திருப்பாள். இது வயிற்றுச் சூடு. கண்ணைத் திறக்கவில்லை. அவள் முகத்துக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில், உஸ்... உஸ்... என்று மூக்கால் மட்டும் மூச்சு. மார்சலியின் மார்பை முகர்ந்துகொண்டிருந்தது. பால் நனைந்த துணியை.

விடிகிறவரை அவள் அசையவில்லை. கன்னத்திலிருந்து அந்தச் சொட்டு மெல்ல உருண்டு காதுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

விடிந்தபோது யாரும் இல்லை.

ரூரி சொன்னபடி வந்தான். அவள் படகில் ஏறியதும் மூக்கைச் சுளித்தான். "துப்பிடுச்சா? சொன்னா கேட்டாத்தானே," என்று திட்டிவிட்டு, அந்தச் சட்டையைக் கடலில் போடச் சொன்னான். போட்டாள். படகு கிளம்பியது. நாற்றம் போகவில்லை. பின்பக்கம், கயிற்றுச் சுருள் கிடந்த இடத்திலிருந்து அலை அலையாக வந்தது. ரூரி இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

வேறு யாரையாவது இந்த வாரம் கொண்டுவந்து விட்டாயா என்று அவள் கேட்டாள். இல்லை என்றான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கிழவன் இன்னொரு முறை பின்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எங்க தாத்தா காலத்துக் கதைம்மா," என்றான் கடைசியில். "ஆம்பளைங்க பாறையில எறங்கிக் குஞ்சு பிடிப்பாங்க, பொம்பளைங்க எறகு பிடுங்கப் போவாங்க. அந்த எண்ணெய் மருந்துன்னு நெனப்பு. பால் பத்தாத பிள்ளைக்கு நாக்குல வைப்பாங்க. கைப்பிள்ளைய வீட்ல விட்டுட்டுப் போன ஒருத்திய, புயல் வருதுன்னு அவசரத்துல அங்கேயே விட்டுட்டு வந்துட்டாங்க. படகு திரும்பப் போறதுக்கு எத்தனையோ நாளாச்சு. பறவையெல்லாம் பறந்துபோச்சு. பட்டினி. அந்தக் கல் வீட்டு வாசப்படியில உக்காந்தபடியே கெடந்தாளாம்... வாய் நெறைய எண்ணெயோட. பிள்ளைக்குன்னு வச்சிருந்த கடைசி வாய். விழுங்கல."

பிள்ளை என்ன ஆயிற்று என்று மார்சலி கேட்டாள்.

"அது அதுக்கு முன்னாலயே பசியில போயிடுச்சு. அவ வாயத் தொறக்க யாருக்கும் மனசு வரல. அப்படியே பொதைச்சாங்க."

மார்சலி போனைப் பார்த்தாள், இணைப்பு இல்லை. வேகமாகப் போ, வேகமாகப் போ என்று கிழவனைப் பிடுங்கி எடுத்தாள். துறைக்கு வெளியே வந்தபோது பெரிய கப்பல் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. காத்திருக்க வேண்டியதாயிற்று. வீடு கண்ணுக்குத் தெரிகிறது. நீலக் கதவு தெரிகிறது. நீந்தியாவது போய்விடலாமா என்று பார்த்தாள். அந்த நேரத்தில்தான், சட்டென்று, படகில் நாற்றம் நின்றுபோனது. ஒரு துளி இல்லை. சுத்தமான உப்புக் காற்று.

ரூரி மூச்சை இழுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். விட்டது சனியன் என்று மார்சலியும் நினைத்தாள். முதல் தடவையாக நெஞ்சுப் பாரம் இறங்கியது.

ஆனாலும் அரை மணி கழித்துக் கப்பல் விலகிக் கரை ஏறியதும் ஓடினாள். மேட்டில் மூச்சு வாங்க ஓடி, கதவைத் தள்ளி உள்ளே போனாள். கேலம் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். சீட்டி அடித்துக்கொண்டிருந்தான். தொட்டிலில் ஊனா. மூச்சு சீராக வந்தது. மார்சலி அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், பைத்தியம் மாதிரி இரண்டையும் சேர்த்துச் செய்தாள். குழந்தையை அள்ளி மார்போடு அணைத்தாள்.

ஊனா பால் தேடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு கும்மென்று இருந்தது. ஒரு ஏப்பம் விட்டது.

நாற்றம்.

கழுத்து மடிப்பை விலக்கிப் பார்த்தாள். மஞ்சளாக, பிசுபிசுவென்று, தாடையிலிருந்து மார்புவரை.

"பிள்ளைக்கு என்ன குடுத்த?"

"நான் ஒண்ணும் குடுக்கலையே. நீ எடுத்து வச்ச பாலச் சூடு பண்ணினேன், வேண்டாம்னுட்டா. அந்தம்மா வந்தாங்கல்ல, நான் டீ போடுற வரைக்கும் அவங்க மடியில இருந்தா. அப்பறம் ஒரே தூக்கம்."

"எந்த அம்மா?"

"நீ வரச் சொன்னியாமே," என்றான் கேலம், கையைத் துடைத்துக்கொண்டே. "உள்ள வந்தப்ப ஒரு வார்த்தை இல்ல, வாய இறுக்கி மூடிக்கிட்டு நின்னாங்க, ஊமையோன்னு நெனச்சேன். போறப்ப நல்லாத்தான் பேசினாங்க."